ஊருக்குப் போன பால்

டிசம்பர் 4

கொசுக்குட்டி,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, முதலில் அதை எழுது. நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மா இல்லாத வீட்டில் எப்படி இருக்க முடியுமோ அப்படி.

அம்மாவை எடுத்த அன்று மாமா உன் தையற்கடைக்குப் போன் செய்தார். நீ "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய் என்றார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கிடைத்திருக்காது என்று வந்தவர்களிடம் நானே சொன்னேன். மாடிவீட்டு அம்மா, "பெத்தவளுக்குக்கூட வராத அப்படி என்ன பஸ்ஸு?" என்று கேட்டாள்.  எனக்கு உன்மேல் கோபம் இல்லை. போன் மணி அடித்தாலே உனக்கு உடம்பு நடுங்கும் என்று தெரியும். அதனால்தான் கடிதம். நான் நாலாம் வகுப்பு, நீ அச்சகத்தில் பிழை திருத்தினவள். என் பிழைகளை நீயே திருத்திப் படித்துக்கொள்.

காலையில் பால் காய்ச்சினேன், திரிந்துவிட்டது. மாமாவிடம், "பால் ஊருக்குப் போயிடுச்சு" என்றேன். அவர் சிரித்தார், பிறகு அழுதார். உனக்கு அது நடந்த பிறகு தெருவே உன்னைப் பற்றி ஒரு வார்த்தையைச் சொல்லித் திரிந்தது. அதனால் நம் வீட்டில் 'கெட்டுப்போச்சு' என்று யாரும் சொல்லக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டாள் அல்லவா. அன்றிலிருந்து நம் வீட்டில் பால் ஊருக்குப் போகும், ரொட்டி ஊருக்குப் போகும், தக்காளி கூட்டமாக ஊருக்குப் போகும். பழக்கிடங்கில் நாள் முழுக்க அழுகினதைப் பொறுக்கிப் போடும்போதும் எனக்கு அதுவேதான் வருகிறது. கூட இருப்பவர்கள், "எந்த ஊருக்கு அக்கா, எங்களுக்கும் டிக்கெட் எடு" என்று கேலி செய்கிறார்கள்.

வழக்கு இருக்கிறது. அம்மா இருந்தவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளே போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அது கடிதம் போட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்பாள். நீ எவ்வளவு வளர்ந்தும் அவளுக்கு நீ 'அது'தான். இனி நான் போகவேண்டும். பிப்ரவரியில் உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். நீ வரவேண்டும்.

அம்மாவின் ஸ்வெட்டரையும் மூக்குக்கண்ணாடியையும் பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறேன். உன் எழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

அக்கா


ஜனவரி 9

கொசு,

கடிதம் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஓடுகிறேன். வருவதெல்லாம் மாடிவீட்டுக்கு. உனக்கு உடம்பு சரியில்லையா? இடம் மாறிவிட்டாயா? ஒரு வரி போதும்.

இங்கே ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அச்சக முதலாளியின் மனைவி நம் வீட்டுக்கு வந்தாள். துக்கம் விசாரிக்க என்றாள். ஊரே 'ஐயா' என்று எழுந்து நிற்கிற ஆளின் மனைவி நம் படி ஏறுவதை மாடிவீட்டு அம்மா கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு எட்டிப் பார்த்தாள். நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். ஊற்றும்போதே பாதி தரையில்.

அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னாள். பிறகு, "சின்னவ எங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"ஊருக்குப் போயிருக்கா" என்றேன். யார் கேட்டாலும் அம்மா சொல்லிவந்தது அதுதானே.

"பழசைக் கிளறி யாருக்கு என்ன வரப்போகுது? அவர் ஆம்பளை, தொடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவாரு. பேரு கெடுறது உன் தங்கச்சிக்குத்தான். நானும் ஒரு பொம்பளைங்கறதாலதான் வந்து சொல்றேன்."

"கெட்டதைப் பொறுக்குறதுதாங்க என் வேலை. எது கெட்டதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். சொன்ன பிறகுதான் எந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று உறைத்தது. அம்மா படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எழுந்து போகும்போது நாற்காலியில் புது வருடக் காலண்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். அவர்கள் அச்சகக் காலண்டர். இந்த ஊரில் அது தொங்காத சுவர் உண்டா? அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரி அறையில்கூட அவள் கண்ணுக்கு நேரே அதுதான் தொங்கியது. நான்தான் துண்டைப் போட்டு மறைத்துவைத்தேன். இப்போது இதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். எரிக்கலாம் என்றால் மாமா, "புகை வந்தா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க" என்கிறார்.

எழுது. நன்றாக இருக்கிறேன் என்று பொய்யாவது எழுது.

அக்கா


ஜனவரி 27

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். மாமாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

பார்சலைக் கடையில் வைத்துப் பிரித்தேன். ஸ்வெட்டரைப் பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தாய். அச்சு மை வாசனை வந்தது. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்து மிஷின்காரி முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறாள். பிறகு பல நாள் வேலைக்குப் போகவில்லை. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளேயே கிடந்தேன்.

நீ தெரிந்து செய்யவில்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை. காய்கறி வாங்கினால்கூடத் தாளில் கட்டாதீர்கள், பையிலேயே கொட்டுங்கள் என்பேன். கடைக்காரர் என்னைக் கிறுக்கு என்று முடிவுகட்டிவிட்டார். தையற்கடையிலும் முதுகு சுவரில் படும்படியான இடம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். வெளிச்சம் போதாத மூலை. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலைக்கு அது ஆகாது. ஆனாலும் பின்னால் யாரும் நிற்க முடியாது.

ஸ்வெட்டரைத் திரும்பத் திரும்பத் துவைத்தேன். மை வாசனை போய்விட்டது. அம்மா வாசனையும் போய்விட்டது.

பிப்ரவரிக்கு நான் வரமாட்டேன். வக்கீலம்மாவிடம் சொல்லிவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

கொசு


பிப்ரவரி 16

கொசுக்குட்டி,

உன் கடிதம் வந்த அன்று என் கையை நானே அடித்துக்கொண்டேன். இனி எது அனுப்பினாலும் துணியில் சுற்றி அனுப்புகிறேன். மாமாவின் முதுகு அப்படியே இருக்கிறது. "கொசுவே விசாரிச்சதுக்கு அப்புறம் வலிச்சா மரியாதையா இருக்காது" என்று இரண்டு நாள் வலி இல்லாதது போல் நடந்து காட்டினார். மூன்றாம் நாள் வேனிலிருந்து இறங்கவே ஆள் தேவைப்பட்டது.

கோர்ட்டுக்கு நான் மட்டும் போனேன். அம்மா உட்காரும் அதே சுவரோரப் பெஞ்சு. அந்த ஆள் வந்தபோது நடையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் கும்பிட்டார். குமாஸ்தாவின் தலைக்குமேல் அவருடைய காலண்டர்தான். நம் வழக்குக்குத் தேதி குறிப்பதே அதைப் பார்த்துத்தான். அம்மா இதை ஒருநாளும் நம்மிடம் சொன்னதில்லை பார்.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். சத்தமாகக் கூப்பிட்டார்கள்.  நீ வரவில்லை என்றதும் எதிர் வக்கீல், சாட்சிக்கே அக்கறை இல்லை என்றார். நம் வக்கீலம்மா போராடி இன்னொரு தேதி வாங்கினார். ஏப்ரல் இருபத்து நான்கு. வெளியே வந்து என்னிடம், "இதுதாம்மா கடைசி. அன்னிக்கும் வரலைன்னா வழக்கை மூடிடுவாங்க. அப்புறம் யாராலயும் திறக்க முடியாது. உங்க தங்கச்சி வாயால சொல்லணும்" என்றார்.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். அம்மா கடைசியில் அதிகம் பேசவில்லை. மூச்சு வாங்கியது. மருந்து மயக்கம் வேறு. கண்ணாடியைக் கேட்டாள், போட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

அங்கே குளிர் அதிகமா? ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

நான் நலம். மாமாவை வேன் ஓட்டும்போது முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்.

நான் பயந்தாங்கொள்ளி என்று நீ நினைக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒருமுறை நான் அந்தக் கூண்டில் ஏறினேன். நீ அன்று வெளியே நின்றாய். உள்ளே நடந்தது நம் வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

புகாரில் இருப்பது என் வார்த்தை இல்லை. ஸ்டேஷனில் ஒருவர் கேட்டுக் கேட்டு எழுதினார். 'என்னைக் கெடுத்துவிட்டார்' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண்ணில் குத்தும் அக்கா. அந்தச் சொல் தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அன்று பேனாவைப் பிடிக்கவே விரல் வரவில்லை. எப்படியோ போட்டுக் கொடுத்துவிட்டேன். கோர்ட்டில் எதிர் வக்கீல் அதைப் படித்துவிட்டு, "அன்னிக்குத்தான் கெட்டுப்போனீங்கன்னு எப்படிச் சொல்றீங்க? அதுக்கு முந்தியே கெட்டிருந்தா?" என்று கேட்டார். பின்னால் சிரித்தார்கள். ஒருவர் இல்லை, பலர். நான் இறங்கி ஓடினேன்.

அதன் பிறகுதான் என்னை இங்கே அனுப்பிவைத்தீர்கள். பெட்டியோடு வாசலில் நிற்கும்போது மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எங்க கிளம்பியாச்சு?" என்றாள். அம்மா, "அது ஊருக்குப் போகுது" என்றாள்.

நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அம்மா யோசித்துச் சொல்லவில்லை. வேறு என்னதான் சொல்வாள், பெட்டியோடு நிற்பவளைப் பற்றி எல்லாரும் சொல்கிறதைச் சொன்னாள். ஆனால் எனக்கு அன்று காலை நீ வாஷ்பேசினில் கொட்டின பால்தான் ஞாபகம் வந்தது. இன்றுவரை அதுதான் வருகிறது. யார் கேட்டாலும் நீங்கள் எல்லாரும் சொல்வது அதே வார்த்தை. உன் ஜனவரிக் கடிதத்திலும் இருக்கிறது. வீட்டுக்கு வந்த அந்த முதலாளி மனைவியிடமும் நீ அதைத்தான் சொல்லியிருக்கிறாய்.

மாமா போன் செய்த அன்று பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். ஊருக்குப் போனது வீட்டுக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நினைத்தேன். கால் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

கண்ணாடி கேட்டாள் என்று எழுதியிருந்தாய். நான் கேட்டது அது இல்லை.

கொசு


மார்ச் 17

கொசு,

அடுப்படியில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு இது தெரியாதடி. அம்மாவுக்கும் தெரியாது. உன் காதில் ஒன்று விழக்கூடாது என்று ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்து உன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறோம். எனக்கு இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

இனி இந்த வீட்டில் எதுவும் ஊருக்குப் போகாது. நேற்றே மாடியேறிப் போய், "என் தங்கச்சி வேலைக்குப் போயிருக்கா. தையல் வேலை" என்று சொன்னேன். மாடிவீட்டு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் எதுவுமே கேக்கலையே" என்றாள். "கேக்காதப்பவே சொல்லி வைக்கிறேன்" என்று இறங்கி வந்துவிட்டேன். 

இன்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வக்கீலம்மாவிடம் போனேன். புகாரிலிருந்து ஒரு வார்த்தையை எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. நீ எழுதியதைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"புகாரைத் திருத்த முடியாதும்மா. ஆனா கூண்டுல நின்னு அவங்க எந்த வார்த்தையில சொல்றாங்களோ, அந்த வார்த்தையிலதான் பதிவாகணும். எதிர்த்தரப்பு அந்தப் பேச்சை எடுத்தா நான் எழுந்து நிப்பேன். அதுக்கு முன்னாடி அவங்களே இல்லைன்னு சொல்லலாம். சொல்லட்டும்."

மூடின அறையில் விசாரிக்கவேண்டும் என்று மனுப் போடுகிறாராம். பின்னால் நின்று சிரிக்க ஆள் இருக்காது. துணைக்கு ஒருத்தர் உள்ளே இருக்கலாம். நான் இருப்பேன்.

அம்மாவைப் பற்றி நீ கேட்டதை நேரில் பேசிக்கொள்வோம். நீ வா.

அக்கா


ஏப்ரல் 10

கொசு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எழுதினது கையில் கிடைத்ததா, கிடைத்தும் எழுதவில்லையா, எது என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். மாமா கடைக்குப் போன் செய்யட்டுமா என்கிறார். வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே என்னைக் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வெளியே உட்கார்ந்து பழம் பிரித்தவள் இப்போது உள்ளே பெட்டி அடுக்குகிறேன். ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "மேல இருந்து சொன்னாங்க. நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றார். கிடங்குக்காரர் பெட்டிமேல் ஒட்டும் சீட்டெல்லாம் அந்த அச்சகத்தில்தான் அடிக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் புத்தியில் ஏறியது. கூட வேலை செய்கிறவர்கள் முன்னைப்போல் டிக்கெட் கேட்டுக் கேலி செய்வதில்லை. நான் போனால் பேச்சை மாற்றுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். விரல் மரத்துப்போவதால் எழுத்துக் கோணலாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் உன் அக்காதான். ஆனால் வராவிட்டால் அவன் சாகும்வரை ஐயாவாகவே இருப்பான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

குளிர் அறைக்குள் போகும்போது அம்மாவின் கம்பளிச் சாக்ஸைப் போட்டுக்கொள். பரணில் நீலப் பையில் இருக்கும்.

வருகிறேன்.

காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வரமுடியாது, கேட்காதே. மாமாவின் வேனில் ஏறுகிறேன். நீ நடுவில் உட்காரவேண்டும். மாமாமேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல். அவருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்றால், சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காஜா எடுத்துக்கொண்டே கூண்டில் சொல்லவேண்டிய வாக்கியத்தை மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஒருநாள் கரண்ட் போய்விட்டது. மிஷின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. நான் நிற்கவில்லை. கடை முழுக்கக் கேட்டது.

 பக்கத்து மிஷின்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "தேதி எப்போ?" என்றாள். சொன்னேன். "அன்னிக்கு உன் சட்டையெல்லாம் நான் முடிச்சுத் தரேன்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கொசு


மே 2

கொசுக்குட்டி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? அன்று முழுக்க நீ ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. வயிறு இப்போது எப்படி இருக்கிறது?

நீ முதுகைக் காட்டி நின்றதால் என் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. தெரியாததே நல்லது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். நீ ஒருமுறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாய். ஓடிவிடப் போகிறாய் என்றுதான் நினைத்தேன்.

எதிர் வக்கீல் அதே இடத்துக்குத்தான் வந்தார். "புகார்ல 'கெடுத்துவிட்டார்'னு இருக்கு. நீங்க கெட்டுப்போனதா நீங்களே சொல்றீங்க, சரிதானே?"

நீ, "இல்லைங்க" என்றாய்.

"அப்போ புகார் பொய்."

 எப்படிப் போனாலும் குழியில் விழுகிற மாதிரி கேட்கிறான் பாவி. நம் வக்கீலம்மா எழுந்தார். நீ கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாய். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"புகார் பொய்யில்லை, அதுல ஒரு வார்த்தை தப்பு. நான் பிழை திருத்துற வேலை பார்த்தவங்க. பால் கெடும், பழம் கெடும். நான் கெடலை. அவர் கதவைச் சாத்தினாரு. நான் வேண்டாம்னு சொன்னேன். கத்தினேன். என் கையை முறுக்கிப் பிடிச்சு என்னைப் பலாத்காரம் பண்ணினாரு. அந்த வார்த்தையை அடிச்சுட்டு இதை எழுதிக்கோங்க."

டைப் அடிக்கிறவர் நிமிர்ந்து, "எதை அடிக்கிறதுங்க?" என்று கேட்டார். பாவம், அவர் குழம்பிவிட்டார். நீதிபதி, "அவங்க சொன்னதை அப்படியே அடிங்க" என்றார். பிறகு அந்த அறையில் டைப் சத்தம் மட்டும்தான் கேட்டது. நீ நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

தீர்ப்பு எப்போது என்று தெரியாதாம். எப்படி வரும் என்றும் தெரியாதாம். வக்கீலம்மா, "நம்ம வேலையை நாம செஞ்சாச்சு" என்கிறார். என் நெஞ்சு அதோடு அடங்குவதாக இல்லை. தெருவில் யாராவது இரண்டு பேர் நின்று பேசினால் நம்மைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது. பாதி நேரம் அது உண்மையும்கூட.

பஸ் படியில் நின்று மறுபடி கேட்டாய், "அம்மா என்னதான் சொன்னா?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பஸ்மேல் பழியைப் போடுகிறேன் பார். காலையிலிருந்து உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா


மே 19

அக்கா,

வயிறு சரியாகிவிட்டது. தூக்கம்தான் துண்டு துண்டாக வருகிறது. ஆனால் கட்டிலை அதன் இடத்துக்கே தள்ளிப் போட்டுவிட்டேன். கதவுக்கு வெறும் தாழ்ப்பாள்தான்.

வழக்குச் செய்தி இங்கே வந்த பேப்பரிலும் வந்திருக்கிறது. பெயர் இல்லை. இருந்தாலும் அச்சகம், பிழை திருத்துகிறவள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீட்டுக்கார அம்மாவுக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. "நீ சொல்லவே இல்லையேம்மா" என்றாள். வாடகைக்கு வரும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. "எனக்கு ஒண்ணும் இல்ல, நாலு குடும்பம் இருக்கிற இடம், பசங்க இருக்காங்க" என்று இழுத்தாள். மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும். நான் ஒன்றும் திருடவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்டு நான் விளக்கம் சொன்னால், பிறகு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

பக்கத்து மிஷின்காரி தன் அறையில் இடம் இருக்கிறது என்கிறாள். குறட்டை விடுவாளாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம் என்றாள். வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

நீ சொல்லாமல் இருப்பதிலிருந்தே அது நல்லதில்லை என்று தெரிகிறது அக்கா. கூண்டிலேயே நின்றுவிட்டேன். இதையும் தாங்கிக்கொள்வேன். எழுது.

கொசு


ஜூன் 7

கொசுக்குட்டி,

அந்த அறை ஒத்துப்போகிறதா? குறட்டை தாங்க முடிகிறதா? மாமா காதில் வைக்கப் பஞ்சு வாங்கி வைத்திருக்கிறார், அனுப்பச் சொல்கிறார். துணிப்பையில்தான் அனுப்புவேன். குளிர் அறையில் இன்னும் இருக்கிறேன். நீலப் பையிலிருந்த சாக்ஸ் கிடைத்தது. அம்மா உள்ளங்காலில் ஒட்டுப் போட்டிருக்கிறாள்.

சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் அம்மாவுக்கு மயக்கம் தெளிந்திருந்தது. பால் வாங்கி ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். டம்ளரை என் கையிலேயே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு, "அது ஊருக்குப் போயிடுச்சு" என்றாள்.

நான் டம்ளரை முகர்ந்து பார்த்தேன். தினம் அழுகினதை முகர்கிற மூக்கு இது. எனக்கு நல்ல பாலாகத்தான் பட்டது. ஆனாலும் அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, வேறு பால் வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பி வரும்போது நர்ஸ் வாசலிலேயே நின்றாள். அதன்பிறகு அம்மா எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவள் இல்லை.

முதலில் எனக்கு அது பால்தான். மார்ச்சில் உன் கடிதம் வந்தது. 'அது ஊருக்குப் போகுது' என்று வாசலில் சொன்னாளே, அதைப் படித்த பிறகுதான் அம்மா கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு உனக்கு எப்படி எழுதுவேன்? உன்னைத்தான் சொன்னாள் என்றால், எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நீ கேட்பாய். வீட்டு அர்த்தத்திலா, ஊர் அர்த்தத்திலா? பெற்ற பெண் தூரத்தில் இருக்கிறாளே என்ற ஏக்கத்திலா? எனக்குத் தெரியவில்லை. கொட்டின பாலை எங்கே போய் மறுபடி முகர்ந்து பார்ப்பது?

தீர்ப்பு ஆகஸ்டில் வரும் என்கிறார்கள். நீ வந்து தங்கினால் உன் கட்டில் ஜன்னல் பக்கம் போட்டுவைக்கிறேன், சுவரில் முதுகு படும்படி. சுவரில் எதுவும் தொங்காது.

சின்ன வயதிலிருந்தே அம்மா வாயில் வருவதை எனக்கு விளக்கிச் சொல்வது நீதானே. அந்த 'அது' யாரடி கொசு, பாலா, நீயா?

அக்கா